“அவன் அப்படிச் செய்ய மாட்டானே!”: இரண்டாம் பாகத்தில் திரும்பி வருபவர்களின் கணக்கு

டிவி சீரியல் பார்க்கும் வீடுகளில் என்றைக்காவது ஒரு நாள் அந்த அட்டை வந்தே தீரும். ‘இனி இவருக்குப் பதில் இவர்.’ நேற்று வரை மருமகளாக நடித்தவர் போய், இன்று முதல் இன்னொருவர். வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். முகம் மாறினால் தமிழ்க் குடும்பங்கள் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை.

முகம் அதே முகம், குரல் அதே குரல், ஆனால் குணம் மட்டும் மாறிவிட்டால்? அதை யாரும் லேசில் விடுவதில்லை. “இவ்வளவு நாள் பொறுமையா இருந்தவ திடீர்னு ஏன் இப்படிப் பேசுறா?” என்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்பார். பக்கத்து அறையில் கேம் ஆடிக்கொண்டிருக்கும் பேரனும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய கதையில் ஜாம்பிகள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘மிருதன்’ படம் 2016-ல் வந்தபோது ஜாம்பி என்ற சொல் தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எல்லாம் போனது. கேம் உலகில் அது அதற்கு முன்பே பெரிய சங்கதி. சுட்டுத்தள்ளுவது மட்டுமே வேலை என்றிருந்த ஜாம்பி கேம்கள், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குடும்பக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டன. அதில் முக்கியமான இரண்டு, ‘தி வாக்கிங் டெட்’, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. இரண்டிலும் முதல் பாகத்தில் வந்தவர்கள் அடுத்த பாகத்தில் திரும்பி வருகிறார்கள். வந்தவர்கள் பழைய ஆட்கள்தானா என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

முன்கூட்டியே இரண்டு எச்சரிக்கை. கதை முடிவுகள் கீழே வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இரண்டுமே ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சான்று பெற்றவை. கட்டுரையைச் சின்னப் பிள்ளைகளும் படிக்கலாம், கேம் அவர்களுக்கானது அல்ல.

*நெற்குப்பையில் ஒரு பழைய கணக்கு*

திரும்பி வரும் ஆட்களை எடைபோடுவதில் செட்டிநாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையையே எடுத்துக்கொள்ளலாம். பயண நூல்களாலும் ஊர் வரலாறுகளாலும் பெயர் பெற்ற சோம.லெ. 1921-ல் பிறந்த ஊர் இது. நகரத்தார் ஊர்களில் ஒன்று. ஒரு காலத்தில் இப்பகுதியிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை என்று ‘கொண்டு விற்க’ போனவர்கள் ஏராளம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு வேலை. பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்ததும் கப்பலேறி ஊர் திரும்புவார்கள்.

மூன்று வருடம் கழித்து முகப்பில் வந்து நிற்கும் ஆள், போன ஆளாகவே இருக்க மாட்டார். உடை மாறியிருக்கும், பேச்சில் பர்மியச் சொல் ஒன்றிரண்டு கலந்திருக்கும், வாய் ஓயாமல் பேசியவர் மௌனமாகியிருப்பார். “ஆளே மாறிட்டானே” என்று வளவில் பேச்சு எழும். நடுவில் வந்த கடிதங்களைப் படித்தவர்களுக்கு அந்த மாற்றம் புரியும். அங்கே கடை நொடித்தது, கூட இருந்தவர் காய்ச்சலில் போனார் என்று ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரியும். கடிதம் வராத வீட்டில்தான் சந்தேகம் வரும்.

அந்தக் கடைகளின் பேரேட்டிலும் இதே நியாயம்தான். பழைய பேரேடு முடிந்து புதியது தொடங்கும்போது, பழையதில் நின்ற பாக்கி புதியதன் முதல் பக்கத்தில் ஏற வேண்டும். ஐந்தொகை எடுக்கும்போது அது விட்டுப்போயிருந்தால் கணக்கு நேர்படாது. புதிய பேரேட்டில் புதிய வரவும் செலவும் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம். பழைய பாக்கியைக் காணோம் என்றால்தான் சிக்கல்.

இதை அப்படியே கதைக்குக் கொண்டுவந்தால் மூன்று கேள்விகள் கிடைக்கும். ஒன்று, இவருடைய அடிப்படைக் குணம் எது, அது இன்னும் இருக்கிறதா? இரண்டு, நடுவில் இவருக்கு என்ன நடந்தது? மூன்று, அது நமக்குச் சொல்லப்பட்டதா, சரியான நேரத்தில் சொல்லப்பட்டதா?

*கென்னி: தாடி வளர்ந்தது, குணம் அதேதான்*

டெல்டேல் கேம்ஸ் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ 2012 ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை ஐந்து எபிசோடுகளாக வந்தது. கிட்டத்தட்ட வார இதழ்த் தொடர்கதை மாதிரி. கம்ப்யூட்டர், கன்சோல் மட்டுமல்லாமல் போனிலும் வந்ததால் பல பேருக்குக் கதை சொல்லும் கேம் என்பது இதில்தான் அறிமுகமானது. ஆடுபவர் லீ என்ற மனிதராக இருந்து, பெற்றோரைப் பிரிந்த கிளெமென்டைன் என்ற சிறுமியைக் காப்பாற்ற வேண்டும். வழியில் சேருபவர்தான் கென்னி. ஃபுளோரிடாவைச் சேர்ந்த மீன்பிடித் தொழிலாளி. மனைவி, மகனோடு வருகிறார்.

முதல் எபிசோடிலேயே கென்னி யார் என்று தெரிந்துவிடும். ஒரு பண்ணையில் இவருடைய மகனும், பண்ணைக்காரரின் மகனும் ஒரே நேரத்தில் ஆபத்தில் மாட்டுகிறார்கள். கென்னி தன் மகனை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார், மற்றவனுக்கு உதவவில்லை. ‘முதலில் என் குடும்பம்’ என்பதுதான் அவருடைய குணம். மூன்றாவது எபிசோடில் அந்தக் குடும்பத்தையே இழக்கிறார். ஐந்தாவதில் ஜாம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறார். இறந்துவிட்டார் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

2014 மார்ச்சில் வந்த இரண்டாம் சீசனின் இரண்டாவது எபிசோடில் கென்னி உயிரோடு வந்து நிற்கிறார். தாடி வளர்ந்திருக்கிறது. குரல் கொடுத்தவர் அதே கேவின் ஹேமன். கிளெமென்டைனைப் பார்த்ததும் நெகிழ்கிறார். ஆனால் அடுத்தடுத்த எபிசோடுகளில் கோபம் எல்லை மீறுகிறது. புதிய துணையையும் ஒரு கண்ணையும் இழந்த பிறகு, கூட இருப்பவர்கள் மேலெல்லாம் பாய்கிறார். குழுவில் பிறந்த கைக்குழந்தை ஒன்றுதான் உலகம் என்று பிடித்துக்கொள்கிறார். கடைசியில் அவருக்கும் ஜேன் என்ற பெண்ணுக்கும் சண்டை மூண்டு, யார் பக்கம் நிற்பது என்று கிளெமென்டைன் முடிவெடுக்க வேண்டிய கட்டம் வருகிறது.

“கென்னி இப்படி மிருகமாக மாட்டார்” என்று ஒரு தரப்பு. “அவர் முதலிலிருந்தே இப்படித்தான்” என்று இன்னொரு தரப்பு. பேரேட்டைப் புரட்டினால் இரண்டாவது தரப்புக்குத்தான் பலம் அதிகம். பண்ணையில் தன் மகனை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்தான் இங்கே அந்தக் குழந்தையை மட்டும் அணைத்துக்கொள்கிறார். இழப்பு கூடக் கூட அந்தக் குணம் முற்றியிருக்கிறது. ஒவ்வொரு இழப்பும் நம் கண் முன்னால் நடந்தது. பாக்கி சரியாக ஏறியிருக்கிறது.

விட்டுப்போன வரி ஒன்றும் உண்டு. அவ்வளவு ஜாம்பிகள் நடுவிலிருந்து எப்படித் தப்பினார் என்பது காட்டப்படவே இல்லை. ஆக, குணத்தில் கென்னி பாஸ். உயிரோடு வந்த கதையில் கணக்கு இடிக்கிறது.

*ஜோயல்: கடைசிப் பக்கத்தில் எழுதிய கணக்கு*

கென்னி பற்றிய வாக்குவாதம் ரசிகர்களோடு நின்றது. ஜோயல் பற்றிய சண்டை உலகச் செய்தியானது.

நாட்டி டாக் நிறுவனத்தின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013 ஜூன் 14-ல் பிளேஸ்டேஷன் 3-ல் வெளியானது. பூஞ்சைத் தொற்று மனிதர்களை வெறிகொண்டவர்களாக மாற்றும் உலகம். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இவர்கள் செத்துப் பிழைத்த ஜாம்பிகள் அல்ல, நோய் பிடித்த மனிதர்கள். முதல் நாளே மகளை இழந்த ஜோயல், இருபது ஆண்டுகள் கழித்து எல்லி என்ற 14 வயதுப் பெண்ணை அமெரிக்காவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு பக்கம் கூட்டிப்போகிறார். அவளுக்கு இந்தத் தொற்று ஒட்டாது. அவளிடமிருந்து மருந்து எடுக்கலாம், ஆனால் அதற்கு அவள் உயிர் போக வேண்டும் என்று கடைசியில் தெரிகிறது. ஜோயல் அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கொன்று, தடுத்தவர்களையும் கொன்று, எல்லியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நடந்ததை அவளிடம் மறைத்துப் பொய்யும் சொல்கிறார்.

இந்த ஜோயல் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. பிட்ஸ்பர்க் நகரில், அடிபட்டதாகச் சொல்லி வண்டிக்குக் குறுக்கே வரும் ஒருவனைப் பார்த்ததுமே அது வலை என்று கண்டுபிடித்து, வண்டியை நிறுத்தாமல் ஓட்டுகிறார். எப்படித் தெரிந்தது என்றால், அந்த வலையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்த அனுபவம்.

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ல் வந்தது. ஆரம்பக் கட்டத்திலேயே, பனிப்புயலில் மாட்டிய அபி என்ற பெண்ணை ஜோயலும் அவர் தம்பி டாமியும் காப்பாற்றி, அவளுடைய ஆட்கள் இருக்கும் வீட்டுக்குள் போகிறார்கள். பெயர் என்ன என்பதும் தெரிந்துவிடுகிறது. அபி, அந்த மருத்துவரின் மகள். ஜோயலைத் தேடித்தான் வந்திருக்கிறாள். அங்கேயே அவர் கொல்லப்படுகிறார்.

“பிட்ஸ்பர்க்கில் வண்டியை நிறுத்தாத ஜோயல், முன்பின் தெரியாத கூட்டத்துக்குள் இப்படிப் போய் நிற்பாரா? கதைக்கு அவர் சாக வேண்டும் என்பதற்காக அவரை முட்டாளாக்கிவிட்டார்கள்” என்று கொதித்தார்கள் ரசிகர்கள்.

இப்போது மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்க்கலாம். நடுவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அவ்வளவு நாளும் ஜோயல் ஜாக்சன் என்ற ஊரில் வாழ்ந்திருக்கிறார். அங்கே மின்சாரம் இருக்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள், அக்கம்பக்கம் இருக்கிறது. சுற்றுக்காவல் போகிறவர்கள் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவது அந்த ஊரின் வழக்கம். அதோடு அன்று பின்னால் துரத்திய கூட்டமும் பனிப்புயலும் வேறு வழி விடவில்லை. ஆக, மாற்றத்துக்குக் காரணம் உண்டு.

அடிப்படைக் குணமும் மாறவில்லை. கதையின் கடைசிப் பகுதியில், இறப்பதற்கு முந்தைய இரவு ஜோயலும் எல்லியும் வீட்டு வாசலில் பேசும் காட்சி வருகிறது. அன்று மருத்துவமனையில் செய்ததை, இன்னொரு வாய்ப்புக் கிடைத்தாலும் திரும்பச் செய்வேன் என்கிறார் ஜோயல். முதல் பாகத்தின் ஜோயல் அப்படியே அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் ரசிகர்களின் கோபம் வீணா? முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. மூன்றாவது கேள்வியில் கேம் தடுமாறுகிறது. அவர் இளகிய ஆண்டுகளை ஃபிளாஷ்பேக்காகக் காட்டுவதெல்லாம் அவர் இறந்த பிறகு. எல்லியின் பிறந்தநாளுக்கு அருங்காட்சியகம் கூட்டிப்போனது உட்பட எல்லாம் பிற்பாடுதான் வருகிறது. ஏழு ஆண்டுகள் காத்திருந்து ஆட உட்கார்ந்தவருக்கு அந்தக் கொலை நடக்கும் நிமிடத்தில் கையில் இருப்பது பழைய பேரேடு மட்டும்தான். கணக்கு சரி. ஆனால் எழுதிய இடம் கடைசிப் பக்கம்.

இயக்குநர் நீல் டிரக்மன் குழு வேண்டுமென்றே இப்படி அடுக்கியது என்று வாதிடலாம். எல்லிக்கு வந்த ஆத்திரம் ஆடுபவருக்கும் வர வேண்டும் அல்லவா? அது கதை சொல்லும் உத்தியாகச் சரி. ஆனால் ‘இவர் எங்க ஜோயல் இல்லை’ என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், அவர் அந்தக் கடைசிப் பக்கம் வரை வருவதே கஷ்டம். பலர் வரவும் இல்லை.

*கேமில் ஏன் இது இன்னும் கஷ்டம்?*

நாவலிலும் சினிமாவிலும் நடந்தது ஒன்றே ஒன்று. ‘தி வாக்கிங் டெட்’ மாதிரி கேமில் என்ன நடந்தது என்பது ஆடுபவர் எடுத்த முடிவைப் பொறுத்தது. நாம் ஏதாவது பேசினால், இதைக் கிளெமென்டைன் நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையின் மூலையில் அறிவிப்பு வரும். முதல் சீசனின் முடிவுகள் இரண்டாம் சீசனுக்கும் கூடவே வரும்.

ஆம், இல்லை என்று பத்தே பத்து முடிவுகள் வைத்தாலும் 1,024 வழிகள் ஆகிவிடும். அத்தனைக்கும் தனித்தனிக் கதை எழுத முடியாது. அதனால் எழுத்தாளர்கள் பிரிந்த வழிகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். முதல் எபிசோடில் கார்லி, டக் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாவது எபிசோடில் இறந்துவிடுவார்.

கென்னிக்கும் இதே கதி. இரண்டாம் சீசன் முடிவில் கிளெமென்டைன் கென்னியோடு போகலாம், ஜேனோடு போகலாம், தனியாகவும் போகலாம். 2016 டிசம்பரில் தொடங்கிய மூன்றாம் சீசனால் அத்தனை வழிகளையும் தூக்கிச் சுமக்க முடியவில்லை. கென்னியோடு போனவர்களுக்குச் சில நிமிட ஃபிளாஷ்பேக்கில் அவர் இறந்துபோனதைக் காட்டி முடித்துவிட்டார்கள். இரண்டு சீசன் கூட வந்த மனிதருக்கு இவ்வளவுதானா என்று ரசிகர்கள் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. பெரிய பாக்கியை ஒரே கோட்டில் அடித்து மூடிய கணக்கு அது.

அதே தொடரில் நன்றாக ஏறிய கணக்கு கிளெமென்டைனுடையது. முதல் சீசனில் எட்டு வயதுச் சிறுமி, 2018-ல் தொடங்கிய கடைசி சீசனில் வளர்ந்த பெண். அந்தக் கைக்குழந்தையை இப்போது அவள் வளர்க்கிறாள். லீ அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி, அவள் இவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தலையில் அப்பாவின் அதே தொப்பி. சிறுமிக்கும் இவளுக்கும் எவ்வளவோ தூரம். ஆனால் அவள் வந்த வழி முழுக்க ஆடுபவர் கூடவே நடந்திருக்கிறார்.

*மாதவியை யாராவது கேட்டார்களா?*

தமிழுக்கு இது புதிய சிக்கல் அல்ல. சிலப்பதிகாரத்து மாதவி ஆடலரசி. இரட்டைக் காப்பியத்தின் இன்னொன்றான மணிமேகலையில் அவள் பௌத்தத் துறவு வாழ்க்கையில் இருக்கிறாள். இதைவிடப் பெரிய மாற்றம் வேண்டுமா? இருந்தும் ‘இது அந்த மாதவி இல்லை’ என்று யாரும் சண்டை பிடிக்கவில்லை. நடுவில் கோவலன் மதுரையில் கொலையுண்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். காரணம் கண் முன்னால் இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் உருவாக்கிய துப்பறிவாளர் சங்கர்லால் நாவலுக்கு நாவல் அதே சங்கர்லால்தான். வாசகர்கள் அதைத்தான் விரும்பினார்கள். சுஜாதாவின் கணேஷ் முதலில் தனியாக வந்தார், பிறகு வசந்த் சேர்ந்தார், பேச்சின் ஜோரே மாறியது. கணேஷின் நிதானம் மட்டும் போகவில்லை. தொடர் எப்படிப்பட்டது என்று வாசகருக்கு முதலிலேயே புரிந்துவிட்டால், மாறாத ஆளையும் ஏற்பார்கள், மாறும் ஆளையும் ஏற்பார்கள்.

*கோபத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்*

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் வெளியான சில மணி நேரத்திலேயே ரசிகர் மதிப்பீட்டுப் பக்கங்களில் பூஜ்ஜியங்கள் குவிந்தன. முழுதும் ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. அபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லி, தனக்குக் கொலை மிரட்டல்கள் வருவதை 2020 ஜூலையில் வெளியே சொன்னார். நாட்டி டாக் நிறுவனம் அதைக் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை அது வாங்கியது.

விருது வாங்கியதால் ரசிகர்களின் கேள்வி தப்பாகிவிடாது. கேள்வி நியாயமாக இருப்பதால் மிரட்டல் நியாயமாகிவிடாது. ‘அவர் அப்படிச் செய்ய மாட்டார்’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அந்தப் பாத்திரத்தோடு அவர் அவ்வளவு பழகியிருக்கிறார். எழுதியவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அந்தப் பழக்கத்தைக் குரல் கொடுத்தவர் மேல் கோபமாகக் கொட்டும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான். கிளெமென்டைன் கணக்கு நேர்பட்டது. கென்னி, குணத்தில் சரி, உயிர் தப்பியதிலும் கடைசியாக வழியனுப்பியதிலும் குறை. ஜோயல் அதே ஜோயல்தான், ஆனால் நிரூபணம் தாமதமாக வந்தது. அடுத்த முறை சீரியலிலோ கேமிலோ படத்தின் இரண்டாம் பாகத்திலோ ஒருவர் மாறி வந்து நின்றால், நடுவில் என்ன நடந்தது, அதை நமக்குச் சொன்னார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

பொங்கலுக்குப் பூட்டிய வீடு திறக்கும்போது நெற்குப்பைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவுகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஒரு சின்ன வசதி அதிகம். கென்னியிடமும் ஜோயலிடமும் நடுவில் என்ன ஆச்சு என்று நம்மால் கேட்க முடியாது, எழுதியவர் சொன்னால்தான் உண்டு. எதிரே பந்தியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கேட்கலாம். “ஆளே மாறிட்டீங்களே” என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.